சூட்டில் நிற்கும் மிசின்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எங்களைச் சுகம் விசாரித்தது இரண்டு வரி, இறைப்பு மிசினைப் பற்றி இரண்டு பக்கம். கோபமில்லை. வெங்காயம் நட்டுவிட்டுத் தண்ணீருக்கு அந்தரப்படுகிற பிள்ளைக்கு வேறென்ன நினைவில் நிற்கும்? ஆனால் மாமி அந்த இரண்டு வரியையும் எண்ணிப் பார்த்துவிட்டார். அடுத்த கடிதத்தில் அவருக்குத் தனியாக நாலு வரி எழுது.

நீ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பார். காலையில் ஒரே இழுவையில் ஸ்ராட் வருகிறது. கொஞ்ச நேரம் நன்றாக இறைக்கிறது. பிறகு சத்தம் மெலிந்து, இரண்டு தரம் விக்கி, நின்றுவிடுகிறது. தோள்மூட்டு நோக இழுத்தாலும் வராது. நீ போய் வேப்பமரத்தடியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்ராட் வரும். கராச்சில் கொண்டுபோய்க் காட்டினாய். வேப்பர் லொக் என்றார்கள், புதுக் காபரேற்றர் பூட்டினார்கள். முன்பு முக்கால் மணித்தியாலம் ஓடி நின்ற மிசின் இப்போது அரை மணித்தியாலத்தில் நிற்கிறது. "மாமா, இது வேப்பர் லொக்தானே?" என்று கேட்கிறாய்.

இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்கத் தேவையான விஷயத்தை நீயும் எழுதவில்லை, கராச்சுக்காரரும் பார்க்கவில்லை. மிசின் நின்ற அந்த நிமிடத்தில் பிளக் ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா? காபரேற்றருக்குள் பெற்றோல் இருந்ததா? பிளக்கில் பொறி வந்ததா? நீ அவ்வளவையும் விட்டுவிட்டு மரத்தடிக்குப் போயிருக்கிறாய். சூடு ஆறிய மிசினைத்தான் கராச்சுக்கும் ஏற்றிப்போயிருக்கிறாய். அங்கே அது நல்ல பிள்ளை மாதிரி ஓடியிருக்கும்.

"ஆறினால் ஓடுகிறதே மாமா, அதுவே வேப்பர் லொக்குக்கு அத்தாட்சி இல்லையா?" என்று நீ கேட்பாய் என்று தெரியும். இல்லை, தம்பி. கனபேர் சறுக்குகிற இடம் இதுதான். ஆறவிட்டால் குணமாகிற வருத்தம் பெற்றோல் மிசினுக்கு நாலைந்து உண்டு. தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் மிசின் நின்று, ஆறினால் ஓடும். இக்னிஷன் கொயில் சூட்டில் கெட்டாலும் அப்படித்தான். வால்வு இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் சூட்டில் வால்வு நீண்டு முழுதாக மூடாது, அமுக்கம் போய்விடும்; ஆறினால் திரும்ப வரும். பில்ரரில் அரைகுறையாக ஊத்தை அடைத்திருந்தாலும், நிற்கிற நேரத்தில் காபரேற்றர் கிண்ணம் மெதுவாக நிறைந்து, மறுபடி கொஞ்ச நேரம் ஓடும். எல்லாவற்றுக்கும் வெளியில் தெரிகிற அடையாளம் ஒன்றுதான். ஆகவே ஆறினபின் ஓடுவதை வைத்து எதையும் தீர்மானிக்க ஏலாது.

முதலில் வேப்பர் லொக், அதாவது ஆவி அடைப்பு, என்ன என்பதை வடிவாக விளங்கிக்கொள். பெற்றோல் ஒரே பொருளாலானதல்ல, பல எண்ணெய்களின் கலவை. அதன் மெல்லிய பாகங்கள் 35, 40 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கனமான பாகங்கள் கொதிக்க 200 பாகை வரை வேண்டும். சித்திரையில் எங்கள் பக்கம் நிழலிலேயே 33, 34 பாகை. வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. சோளகம் எழும்பும்வரை காற்றும் அசையாது. செம்பாட்டு நிலத்தின் சூடு கீழிருந்து, வெயில் மேலிருந்து, சைலன்சரின் சூடு பக்கத்திலிருந்து. காற்றினால் குளிர்கிற இந்தச் சின்ன எஞ்சின்களின் தலைப்பகுதி 150 பாகையைத் தாண்டும். அதிலிருந்து நாலு விரல் தூரத்தில்தான் உன் பெற்றோல் குழாய் போகிறது.

குழாய்க்குள் ஒரு துளி பெற்றோல் ஆவியானால் அது இருநூறு மடங்குக்கும் மேலான இடம் கேட்கும். உன் மிசினில் பெற்றோலைத் தள்ள பம்ப் எதுவும் கிடையாது. தாங்கி மேலே, காபரேற்றர் கீழே. ஒரு சாண் உயரப் பெற்றோலின் பாரம் மட்டுமே அதைக் கீழே இறக்குகிறது. அவ்வளவு சின்னத் தள்ளலுக்கு அந்த ஆவிக் குமிழி அசைந்து கொடுக்காது. கிண்ணத்தில் இருப்பதைக் குடித்து முடித்ததும் எஞ்சின் விக்கி நிற்கும். பிளக்கைக் கழற்றினால் காய்ந்திருக்கும்.

இதற்கு எதிர்மாறான ஒன்றும் உண்டு. மிசினை நிறுத்தியதும் விசிறியும் நின்றுவிடும். தலையிலுள்ள சூடு போக வழியில்லாமல் காபரேற்றருக்கு ஏறும். கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து எஞ்சினுக்குள் வழியும். சாப்பிட்டுவிட்டு வந்து இழுத்தால் வராது, பெற்றோல் மணக்கும், பிளக் நனைந்திருக்கும். இதையும் வேப்பர் லொக் என்றுதான் சொல்வார்கள். ஆனால் வைத்தியம் வேறு. பெற்றோல் திருப்பியைப் பூட்டு, சோக்கைத் திற, திரொட்டிலை முழுதாகத் திறந்து வைத்து இழு. உள்ளே கூடிப்போன பெற்றோல் வெளியேறி ஸ்ராட் வரும். இந்த நேரத்தில் சோக்கை மூடி இழுத்தால் இன்னும் மூழ்கடிப்பாய். நீ அதைத்தான் செய்கிறாய் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஸ்ராட் வராவிட்டால் சோக் என்று சின்ன வயதிலேயே உன் கைக்குப் பழகிவிட்டது. அது குளிர்ந்த எஞ்சினுக்கான பழக்கம்.

"அப்பப்பாவின் காலத்தில் ஒருவரும் இந்த வருத்தத்தைப் பற்றிக் கதைத்ததில்லையே" என்றும் எழுதியிருக்கிறாய். நல்ல கேள்வி. அவர்கள் ஓட்டியது மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே 150 பாகைக்குப் பக்கத்தில்தான். அது குழாய்க்குள் ஆவியாகவே மாட்டாது. உள்ளே போனபின்னும் ஆவியாக மறுக்கும். பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற இரட்டைத் தாங்கி மிசின்கள் வந்தது அதனால்தான். 1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கிப் பெற்றோல் தடைப்பட்டபோது யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் இந்தப் பாடத்தைப் படித்தது. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் கார்கள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்த பெற்றோலைச் சின்னப் போத்தலில் தங்கம் மாதிரி வைத்திருந்து, காபரேற்றரில் சில துளி விட்டு ஸ்ராட் எடுத்தார்கள். அந்தப் பழைய பிரித்தானிய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் அது முடிந்தது. அந்தக் கார்களை ஓடவைத்த மெக்கானிக்மாரைப் பற்றி ஒரு புத்தகமும் என் கண்ணில் படவில்லை என்பது எனக்கு இன்றும் மனக்குறை. அந்த நாளில் எரிபொருளை எப்படிச் சூடாக்குவது என்பதே கவலை. இன்று உன் கவலை அதை எப்படிக் குளிராக வைத்திருப்பது என்பது.

இது சும்மா பழங்கதை இல்லை, உன் தோட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியதே, அதற்குப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் பலர் பெற்றோலுக்கு வந்தார்கள். உன் மிசின் அப்படி வந்த மிசினா என்று அப்பாவிடம் கேள். மண்ணெண்ணெய்க்கு இதமாக இருக்கட்டும் என்று யாராவது குழாயைச் சைலன்சர் பக்கமாக வளைத்துப் பூட்டியிருக்கிறார்களா, தலையைச் சுற்றித் தகரம் கட்டியிருக்கிறார்களா என்று பார். இருந்தால் முதல் வேலையாக அதை மாற்று.

இனி அடுத்த முறை மிசின் நிற்கும்போது என்ன செய்வாய் என்று சொல்கிறேன். மரத்தடி பிறகு. பக்கத்தில் பீடி, சிகரெட் ஒருவரும் பற்றக்கூடாது. இதை விளையாட்டாக எடுக்காதே.

முதலில் தாங்கி மூடி. துணி வைத்துப் பிடித்து, மெல்ல மெல்லத் தளர்த்து. காதைக் கொடுத்துக் கேள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால், மூடியின் துளை அடைத்திருக்கிறது. உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெற்றோலை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறது. ஒரு நிமிடம் பொறுத்து இழு. ஓடினால் நோய் பிடிபட்டது; மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, மூடியைக் கழுவினால் போதும். காற்று வெளியே சீறினால் வேறு கதை, தாங்கியே வெயிலில் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் செம்மண் புழுதிக்கு அந்தச் சின்னத் துளையை அடைக்க ஒரு போகம் போதும். வேப்பர் லொக் என்று பெயர் சூட்டப்படுகிற மிசின்களில் கனக்க இந்த மூடி வருத்தக்காரர்தான் என்பது என் அபிப்பிராயம். மூடிக்கு அரைச் சதம் செலவில்லை. அதனால்தானோ என்னவோ அதை ஒருவரும் பார்ப்பதில்லை.

மூடியில் குற்றமில்லையென்றால் காபரேற்றர் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் ஆணியை அரைச் சுற்றுத் தளர்த்து, கீழே ஒரு சின்னப் போத்தலைப் பிடி. சைலன்சரில் ஒரு துளிகூடச் சிந்தக்கூடாது. பெற்றோல் நூல் பிடித்தாற்போல் ஓடினால் எரிபொருள் வருகிறது, குற்றம் வேறிடத்தில். கொஞ்சம் வடிந்து நின்றுபோனாலோ, குமிழ் குமிழாகத் துப்பினாலோ ஆணியை இறுக்கு. ஈரத்துணியைப் பிழிந்து குழாயையும் கிண்ணத்தையும் சுற்றி மூன்று நாலு நிமிடம் வைத்திருந்துவிட்டு மறுபடி திறந்து பார். எஞ்சின் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கையில், குழாயை மட்டும் குளிரவைத்ததுமே பெற்றோல் ஓடத் தொடங்கினால், அது ஆவி அடைப்பு. அப்போது நீ துணிந்து சொல்லலாம். அப்படியும் ஓடாவிட்டால் திருப்பியில், பில்ரரில், குழாயில் ஊத்தை.

பெற்றோல் நன்றாக வந்தால் பிளக்கைப் பார். சிந்திய பெற்றோல் முழுதாகக் காய்ந்தபிறகு மட்டும். கழற்றிய பிளக்கைத் துளையிலிருந்து தள்ளி எஞ்சின் உலோகத்தில் ஒட்டிப் பிடித்து இழு. காலையில் நீலப் பொறி வந்து, இப்போது வரவில்லையென்றால் கொயில். பொறியும் உண்டு, பெற்றோலும் உண்டு, கயிறு மட்டும் வழக்கத்தைவிட இலேசாக இழுபடுகிறது என்றால் வால்வு இடைவெளியை அளக்கச் சொல். பத்து நிமிட வேலை இது. முடிந்தபிறகு தேத்தண்ணி குடி.

இப்போது உன் கடிதத்தின் மிகப் பெறுமதியான வரிக்கு வருகிறேன். புதுக் காபரேற்றர் பூட்டியபின் இன்னும் கெதியாக நிற்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. காபரேற்றருக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவில் விரல் தடிப்பில் கறுப்பாக ஒரு துண்டு இருக்கும், பேக்லைற் போன்ற பொருள். பார்க்க ஒன்றுமில்லாத சாமான். தலையின் சூடு காபரேற்றருக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. மாற்றிப் பூட்டும்போது அது வெடித்திருந்தால், அல்லது அதை விட்டுவிட்டு வெறும் காகித காஸ்கெற்றை மட்டும் வைத்திருந்தால், நீ காசு கொடுத்து வருத்தத்தைக் கூட்டியிருக்கிறாய். பழைய காபரேற்றரை எறிந்துவிடவில்லையே? அதோடு அந்தத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார்.

அடுத்தது உன் குளிர்த்தண்ணீர் வைத்தியம். எஞ்சின்மேல் வாளியோடு தண்ணீர் ஊற்றினாய் என்று வாசித்ததும் எனக்கு நெஞ்சு பதறியது. 150 பாகையில் இருக்கிற அலுமினியத் தலையில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் வெடிக்கும், வளையும், காஸ்கெற் போகும். ஈரத்துணி குழாய்க்கும் கிண்ணத்துக்கும் மட்டும். எஞ்சினை அதன் விசிறி பார்த்துக்கொள்ளும்.

அந்த விசிறியின் தகர உறையையும் கழற்றி வைத்திருக்கிறாய், காற்றுப்படட்டும் என்று. அதைத் திருப்பிப் பூட்டு, மோனை. உறை இருந்தால்தான் விசிறியின் காற்று தலையிலுள்ள செட்டைகளுக்குள் போகும். இல்லாவிட்டால் நாலு பக்கமும் சிதறிப்போய்விடும். கழற்றியதும் கழற்றிவிட்டாய், பூட்டுமுன் செட்டைகளுக்குள் அடைத்திருக்கிற புழுதியையும் வைக்கோல் தும்பையும் குச்சியால் கிளறி, தூரிகையால் துடைத்துவிடு. இது ஒன்றிலேயே சூடு கண்முன் குறையும்.

பெற்றோலோடு மண்ணெண்ணெய் கலந்தால் கொதிக்காதே என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். கொதிப்பது குறையும்தான். ஆனால் அது முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவர்வழியாக இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின் தட்டத் தொடங்கும், பிளக் கரி பிடிக்கும். நூறு ரூபா வருத்தத்துக்கு ஐம்பதாயிரம் ரூபா மருந்து. குழாயில் மரத்தாலான உடுப்புக் கிளிப்புகளை மாட்டச் சொன்னாரே உன் சிநேகிதன், அது அமெரிக்காவில் பழைய கார்க்காரரிடம் இருந்த நம்பிக்கை. மாட்டினால் கெடுதியில்லை, குழாய் குளிரப்போவதுமில்லை. டீசல் லான்மாஸ்ரர் உழவு மிசினில் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பதுபோல இதிலும் எடுக்கலாமா என்கிறாய். அது எயர் லொக், குழாய்க்குள் வெளிக்காற்று புகுந்ததால் வருவது. டீசல் சித்திரை வெயிலுக்கெல்லாம் கொதிக்காது. இரண்டையும் குழப்பாதே.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. குழாயைத் தலையிலும் சைலன்சரிலும் படாமல், மேலேறி இறங்குகிற வளைவு இல்லாமல், தொடர்ந்து சரிவாக இறங்கும்படி பூட்டு. வளைவின் உச்சியில்தான் குமிழி குந்திக்கொள்ளும். தாங்கியை அரைவாசிக்குக் கீழே விடாதே, நிறையப் பெற்றோல் இருந்தால் மெதுவாகவே சூடேறும். ஆனால் சூடாக இருக்கும்போது ஒருநாளும் ஊற்றாதே. நாலு தடி நட்டுக் கிடுகு போடு. மிசினுக்குமேல் ஆள் உயரத்தில், சைலன்சரிலிருந்து நன்றாகத் தள்ளி. நிறுத்துமுன் திரொட்டிலைக் குறைத்து மூன்று நாலு நிமிடம் ஓடவிடு, விசிறி சூட்டை வெளியேற்றட்டும். பிறகு திருப்பியைப் பூட்டிக் கிண்ணம் காலியாகித் தானாக நிற்கவிடு. அடுத்த முறை தாங்கியிலிருந்து சூடு குறைந்த பெற்றோல் இறங்கும். இவ்வளவும் செய்தும் கெதியாகச் சூடேறினால் காபரேற்றர் ஜெற்றில் ஊத்தை இருக்கலாம். பெற்றோல் குறைந்து காற்றுக் கூடினாலும் எஞ்சின் கொதிக்கும்.

எல்லாவற்றையும்விட நல்லது விடியப்புறம் இறைப்பது. வெங்காயத்துக்கும் நல்லது, தண்ணீரும் வீணாகாது. "பங்குக் கிணறு மாமா, என் முறை பன்னிரண்டு மணிக்குத்தான் வருகிறது" என்பாய். தெரியும். சித்தப்பா வீட்டாரோடு ஒருமுறை கதைத்துப் பார். அவர்களுடையது மின்சார மோட்டர். அதற்கு வெயிலும் ஒன்றுதான் விடியலும் ஒன்றுதான். சித்திரை, வைகாசிக்கு மட்டும் முறையை மாற்றிக்கொள்ளக் கேள். கேட்க வெட்கமென்றால் மாமியைக் கேட்கச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதில் செல்லம் கிடையாது. கிணற்றுக்குள் குளிர்ச்சியாக இருக்கும், மிசினைக் கயிறு கட்டி உள்திட்டில் இறக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இறக்காதே. அங்கே காற்றோட்டம் இல்லை, விசிறி தன் சூட்டைத் தானே திரும்ப உறிஞ்சும், மிசின் இன்னும் கெதியாக நிற்கும். அதுவல்ல பெரிய விஷயம். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் அது தங்கி நிற்கும். மிசினைப் பார்க்க இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்த செய்திகளை நீயும் பத்திரிகையில் வாசித்திருப்பாய். தண்ணீர் ஆழத்தில் என்றால் கீழே இறக்க வேண்டியது எலக்ரிக் மோட்டர், பெற்றோல் எஞ்சினல்ல.

இனி எனக்கு எழுதும்போது மூன்று விஷயம் எழுது: மூடியைத் தளர்த்தும்போது காற்று எந்தப் பக்கம் போனது, பிளக் ஈரமா காய்ந்ததா, அந்தக் கறுப்புத் துண்டு இருக்கிறதா இல்லையா. என் பதில் வரும்வரை புதுச் சாமான் ஒன்றும் வாங்காதே.

அன்புடன்,
மாமா